புலி நடக்கும் மலையில் திட்டமா? யார் யார் அனுமதி தரணும்? பொட்டிப்புரம் நியூட்ரினோ வழக்கு சொல்வது என்ன?

தேனி மாவட்டத்தில் மேகமலை, போடி மலை, குமுளி பக்கம் ஏதாவது பெரிய திட்டம் வரப்போகுதுன்னு செய்தி வந்தால் உடனே ஒரு வரியும் சேர்ந்தே வரும். 'சுற்றுச்சூழல் அனுமதி கிடைச்சாச்சு' என்பதுதான் அது. பலரும் அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால், அது ஒரே ஒரு கதவுதான். புலி, யானை நடமாடும் இடம் என்றால் வேறு கதவுகளும் திறக்கணும்.

இதைப் புரிந்துகொள்ள நம்ம மாவட்டத்திலேயே ஒரு வழக்கு இருக்கு. பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம்தான் அது. இந்தத் திட்டத்துக்கு சுற்றுச்சூழல் அனுமதி ஒரு முறையல்ல, இரண்டு முறை கிடைத்தது. ஆனாலும் மலைக்குள் சுரங்கம் தோண்டப்படவில்லை. ஏன்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

திட்டம் என்ன?

நியூட்ரினோ என்பது எதிலும் எளிதில் மோதாத மிக நுண்ணிய துகள். சூரியனிலிருந்தும் வளிமண்டலத்திலிருந்தும் வந்து, நம் உடலுக்குள்ளேயே ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கில் கடந்து போகிறது. இதனால் நமக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் இதைப் பதிவு செய்யணும்னா விண்வெளியிலிருந்து வரும் மற்ற கதிர்களைத் தடுக்கணும். அதற்கு எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை வேணும்.

அதனால்தான் போடி மேற்கு மலை தேர்வானது. தேவாரம் அருகே பொட்டிப்புரத்தில், ஊர் மக்கள் அம்பரப்பர் மலை என்று சொல்லும் மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் குடைந்து, உள்ளே 50,000 டன் எடையுள்ள இரும்புக் கருவியை வைப்பதுதான் திட்டம். பொறுப்பு மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திடம். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

முதலில் போடிக்கு வரவில்லை

இந்தத் திட்டம் முதலில் கேட்ட இடம் நீலகிரி மாவட்டம் சிங்காரா. 2009 நவம்பரில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி என்பதால் அனுமதி மறுத்தார். மாற்று இடமாகச் சொல்லப்பட்டது தேனி மாவட்டத்தில் சுருளியாறு. அதுவும் காப்புக்காடு என்பதால் கைவிடப்பட்டு, கடைசியில் போடி மேற்கு மலைக்கு வந்தது.

அதாவது, காட்டு விலங்குக்காக ஒரு மலையிலிருந்து இறங்கிய திட்டம்தான் இன்னொரு மலைக்கு வந்தது. அந்த இன்னொரு மலையிலும் அதே கேள்வி காத்திருந்தது.

சுற்றுச்சூழல் அனுமதி எப்படித் தரப்படுகிறது?

இதற்கான விதி 2006 செப்டம்பரில் வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. திட்டங்களை அது இரண்டாகப் பிரிக்கிறது.

ஏ பிரிவு: மத்திய அரசின் நிபுணர் குழு ஆய்வு செய்யும்.
பி பிரிவு: மாநில அளவிலான ஆணையம் ஆய்வு செய்யும்.

பல திட்டங்களுக்கு ஒரு பொது நிபந்தனையும் உண்டு. பாதுகாக்கப்பட்ட காட்டுக்கோ மாநில எல்லைக்கோ குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால், பி பிரிவுத் திட்டமும் ஏ பிரிவாகிவிடும். முதலில் 10 கிலோமீட்டராக இருந்த இந்தத் தூரம் பிறகு 5 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

கேட்க சாதாரண அலுவலக வேலை மாதிரி இருக்கு இல்லையா? ஆனால் மொத்த வழக்கும் சுற்றிவந்தது இந்தப் பிரிவைத்தான். எந்தப் பிரிவு என்பதை வைத்துத்தான் என்ன ஆய்வு, யார் ஆய்வு, ஊர் மக்களைக் கேட்கணுமா வேண்டாமா என்பதெல்லாம் முடிவாகும்.

2017: அனுமதி ஏன் நிறுத்தப்பட்டது?

பொட்டிப்புரத்துக்கு முதல் சுற்றுச்சூழல் அனுமதி 2011-ல் கிடைத்தது. இதை எதிர்த்து பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2015 மார்ச்சில், மதிமுக பொதுச்செயலாளர் வைகோ தொடர்ந்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் பணி தொடங்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு அனுமதியை நிறுத்தி வைத்தது. காரணம் இரண்டு. ஒன்று, கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 4.9 கிலோமீட்டரில் இருக்கு. 5 கிலோமீட்டருக்குள் வருவதால் இது ஏ பிரிவு. இரண்டு, மதிப்பீட்டு அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இல்லை.

வெறும் 100 மீட்டர் வித்தியாசம்! ஆனால் சட்டத்தில் அந்த 100 மீட்டர்தான் எல்லாம்.

2018: சுரங்கம் 'கட்டடம்' ஆனது எப்படி?

மறுபடி விண்ணப்பம் போனது. மாநில மதிப்பீட்டுக் குழு, இதை மதிப்பிடுவது தங்களால் ஆகாது என்று மத்திய அரசுக்கு அனுப்பியது. 2018 மார்ச்சில் மத்திய நிபுணர் குழு இதைச் சிறப்பு நேர்வாக எடுத்து, பி பிரிவில் 8(அ) வகையின் கீழ் பரிந்துரைத்தது. அனுமதியும் வந்தது.

8(அ) என்றால் என்ன? 20,000 முதல் 1,50,000 சதுர மீட்டர் வரை பரப்புள்ள கட்டடங்களுக்கான வகை. நகரத்தில் கட்டும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு வருவதும் இதில்தான். இந்த வகைக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம் இல்லை. மலையைக் குடையும் திட்டம் கட்டட வகையில் வந்ததால், 2018 அனுமதிக்கு ஊர் மக்களிடம் மறுபடி கேட்கவேண்டிய தேவை இல்லாமல் போனது. எதிர்ப்பாளர்களின் முக்கியமான கேள்வியே இதுதான்.

2018 நவம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் டெல்லி அமர்வு இந்த அனுமதி செல்லும் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் வாங்கணும். அதாவது, அடுத்த கதவு.

வனவிலங்கு அனுமதி தனியா?

ஆமாம், தனி. சட்டமே வேறு. சுற்றுச்சூழல் அனுமதி தருவது 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ். புலிக்கான பாதுகாப்பு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கு.

அதில் 2006-ல் சேர்க்கப்பட்ட 38ஓ பிரிவு முக்கியமானது. புலிகள் காப்பகம் மட்டுமில்லை, ஒரு காப்பகத்தை இன்னொரு காட்டோடு இணைக்கும் வழித்தடத்தையும் சூழலுக்கு ஒவ்வாத பயன்பாட்டுக்குத் திருப்பக் கூடாது என்கிறது. பொது நலன் கருதித்தான் விதிவிலக்கு. அதற்கும் தேசிய புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனையும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேணும். அந்த வாரியத்தின் தலைவர் பிரதமர்.

இங்கே 'கட்டடமா, சுரங்கமா' என்ற கேள்வியே இல்லை. புலி இந்த வழியா போகுதா, இல்லையா? அவ்வளவுதான்.

மேகமலை எங்கே வருகிறது?

ஒரு வரைபடத்தை மனசுல வைச்சுக்கோங்க. கம்பம் பள்ளத்தாக்கின் கிழக்கே மேகமலை. தென்மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம். பள்ளத்தாக்கின் மேற்கு விளிம்பிலேயே வடக்கே வந்தால் போடி மலை, அதற்கு அப்பால் மதிகெட்டான் சோலை. மேகமலைக் காடு பெரியாறு காட்டோடு ஒட்டியது.

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 5-வது, நாட்டின் 51-வது காப்பகம். பரப்பு 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வைகையின் நீர்ப்பிடிப்பு மலைகளும் இதில் அடங்கும்.

பொட்டிப்புரம் இந்தக் காப்பகத்துக்குள் இல்லை. ஆனால் புலிக்கு மாவட்ட எல்லையும் தெரியாது, மாநில எல்லையும் தெரியாது. பெரியாறையும் மதிகெட்டானையும் இணைக்கும் வழித்தடம் அறுந்தால், மேகமலைப் புலிக்கும் வடக்கே போகும் பாதை அடைபடும். காடு தனித்தனித் தீவு ஆனால், உள்ளே இருக்கும் புலிகள் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்து வம்சம் நலிந்துபோகும்.

தமிழ்நாடு அரசு சொன்னது என்ன?

2021 மே மாதம் டாடா நிறுவனம் வனவிலங்கு அனுமதிக்கு விண்ணப்பித்தது. அடுத்த மாதமே முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமரைச் சந்தித்தபோது திட்டத்தைக் கைவிடக் கோரினார். 2022 பிப்ரவரியில் உச்சநீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலில், இந்த மலை மதிகெட்டான் - பெரியாறு புலி வழித்தடத்தில் வருகிறது, அனுமதிக்க முடியாது என்று மாநில அரசு சொன்னது. வைகைக்கு நீர் தரும் ஓடைகள் பாதிக்கப்படும் என்பதும் அதில் ஒரு காரணம். வைகையை நம்பித்தான் மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை மக்கள் இருக்காங்க.

விஞ்ஞானிகள் தரப்பு என்ன சொல்கிறது?

அவர்கள் வாதத்தையும் கேட்கணும். சுரங்க வாசல் வருவாய்த் துறை நிலத்தில்தான் இருக்கு, காட்டில் மரம் வெட்ட வேண்டியதில்லை, வெடி வைப்பது கட்டுமானக் காலத்தில் மட்டும்தான், ஆய்வால் கதிர்வீச்சு வராது என்பது அவர்கள் பதில். நியூட்ரினோ ஆபத்தான துகள் என்று பரவிய வதந்திக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் வழித்தடம் பற்றிய கேள்வி வதந்தி இல்லை. சட்டம் எழுதி வைத்திருக்கும் கேள்வி அது.

உங்க ஊருக்கு ஒரு திட்டம் வந்தால் என்ன பார்க்கணும்?

1. திட்டம் எந்தப் பிரிவில், எந்த வகையில் விண்ணப்பிக்கப்பட்டிருக்கு? மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம்.

2. கருத்துக்கேட்பு உண்டா? உண்டு என்றால் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிக்கணும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்கணும். ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் படிக்கலாம்.

3. பக்கத்துக் காடு எவ்வளவு தூரம்? பக்கத்து மாநிலக் காட்டையும் கணக்கில் எடுக்கணும்.

4. வழித்தடம் என்றால் வனவிலங்கு வாரிய ஒப்புதல் இருக்கா?

5. அனுமதி தந்துவிட்டார்களா? 30 நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும்.

அதனால அடுத்த முறை 'அனுமதி கிடைச்சாச்சு' என்று செய்தி வந்தால் ஒரு கேள்வி கேளுங்க. எந்த அனுமதி?