அப்பாவுக்கு ஸ்ட்ரோக்... வீட்டுக்கு வந்த பிறகு நீங்கள் கவனிக்க வேண்டியவை!

அப்பாவோ அம்மாவோ பக்கவாத சிகிச்சை முடிந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்துட்டாங்களா? 'இனி எல்லாத்தையும் நாமளே செஞ்சு கொடுத்துடலாம்' என்றுதான் முதலில் தோன்றும். அங்கேதான் கவனம் தேவை. இழந்த அசைவுகளை மூளை மீண்டும் கற்றுக்கொள்வது, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால்தான். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதன் பிறகும் தொடரும். அதனால், முடிந்ததை அவங்களே செய்யட்டும். சட்டை பட்டன் போட 10 நிமிடம் ஆனாலும் பரவாயில்லை.

உடை, நடை

சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில். படியேற நல்ல கால் முதலில், இறங்க பாதித்த கால் முதலில். எழுப்பிவிடும்போது பாதித்த கையைப் பிடித்து இழுக்காதீங்க, தோள்மூட்டு விலகலாம். பாத்ரூமில் சுவர்க் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க உறுதியான நாற்காலி அவசியம்.

சாப்பாடு

நிமிர்ந்து உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அது நுரையீரலுக்குப் போகும் அபாயம் உண்டு. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான். ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக்கு 'நோ'.

பேச்சு, மனசு

வார்த்தை வரலைன்னா புத்தி போயிடுச்சுன்னு அர்த்தமில்லை. குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசாதீங்க. 'காபியா, டீயா?' என்று சுலபமாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். மொபைலில் படம் காட்டியும் கேட்கலாம். சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரலாம். அதற்கும் சிகிச்சை இருக்கு.

மாத்திரை, பயிற்சி

'நல்லாத்தானே இருக்கேன்' என்று மாத்திரையை நிறுத்தினால், மீண்டும் ஸ்ட்ரோக் வரும் ஆபத்து அதிகம். பி.பி., சுகரைத் தவறாமல் பாருங்கள். புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்பதை நம்பி நாள்களை வீணாக்காதீங்க. பிசியோதெரபிக்கு அலைய முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார்கள்.

மறுபடி வந்தால்?

வாய் கோணுகிறதா, கை தளர்கிறதா, பேச்சு குழறுகிறதா? உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஆரம்பித்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இரவும் பகலும் நீங்க மட்டுமே பார்த்துக்கொள்ளாதீங்க. அண்ணன், தங்கச்சியோடு முறை வெச்சுக்கோங்க. இது பல மாதப் பயணம். நீங்களும் தெம்பா இருக்கணும்!