ஜப்பானிய அனிமேயில் இளைஞர்களின் ஒருதலைக் காதல்: மரணத்திலிருந்து அன்றாடத்துக்கு

2019 ஜூலையில் ஃபுஜி தொலைக்காட்சியின் 'நொய்தாமினா' என்னும் பின்னிரவு வரிசையில் 'கிவன்' தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. இளைஞர்களுக்கு இடையிலான காதலையே முதன்மைப் பொருளாகக் கொண்ட வகைமையிலிருந்து ஒரு படைப்பு அந்த வரிசைக்குள் வந்தது அதுவே முதல்முறை. கிஸு நட்சுகியின் மங்காவைத் தழுவிய இத்தொடர் நால்வர் கொண்ட ஓர் இசைக்குழுவின் கதை. பாடகன் சாதோ மஃபுயுவுக்கும் கிதார் கலைஞன் உயெனோயாமா ரித்சுகாவுக்கும் இடையே மலரும் காதலைப் பற்றியே பெரும்பாலோர் எழுதினார்கள். எனக்கு அத்தொடரில் முக்கியமானவன் பேஸ் கிதார் வாசிக்கும் நகயாமா ஹருகி. அவன் டிரம்ஸ் வாசிக்கும் கஜி அகிஹிகோவை நெடுநாளாக நேசிக்கிறான், சொல்வதில்லை. அகிஹிகோவோ தன் முன்னாள் காதலனான வயலின் கலைஞன் முராதா உகெட்சுவோடு ஒரே வீட்டில் வாழ்கிறான். பிரிந்தும் பிரியாத வாழ்க்கை அது.

தொடரில் ஹருகியின் காதல் ஏன் கைகூடவில்லை? அவன் ஆண் என்பதால் அல்ல. அகிஹிகோவும் ஆண்களை நேசிப்பவன்தான். சமூகம் தடுத்ததாலும் அல்ல, யாரும் சாகவும் இல்லை. அகிஹிகோவின் மனம் வேறொருவரிடம் இருக்கிறது, அவ்வளவே. ஆண்-பெண் காதல் கதைகளில் ஆயிரம் முறை பார்த்துப் பழகிய இந்தச் சாதாரணக் காரணம், இளைஞர்களின் காதலைச் சொல்லும் ஜப்பானிய மரபுக்கு வந்துசேர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. காதல் நிறைவேறுவதைக் காட்டும் காட்சிகளைவிட, காதல் எந்தக் காரணத்தால் நிறைவேறாமல் போகிறது என்பதில் நேர்ந்த இந்த மாற்றமே இம்மரபின் உண்மையான வளர்ச்சியைக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இம்மரபின் வேரைத் தேடும்போது, நன்கு படித்தவர்களும் நேராக எடோ காலத்துக்குப் போய்விடுகிறார்கள். இஹாரா சைகாகு 1687-இல் ஆண்களின் காதலைப் பற்றி ஒரு பெரிய கதைத்தொகுதியே எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான சாமுராய் நூலான 'ஹகாகுரே', வெளியே சொல்லாமல் நெஞ்சிலேயே வைத்து மடியும் காதலைக் காதலின் உச்சமாகப் போற்றுகிறது. ஹருகியின் மௌனத்தை இதோடு முடிச்சுப் போடுவது கவர்ச்சியானதுதான், ஆனால் தவறு. இன்றைய வகைமையை உருவாக்கியவர்கள் 1949-ஐ ஒட்டிப் பிறந்த இளம்பெண் மங்கா ஓவியர்கள். தோக்கியோவின் ஒய்சுமி பகுதியில் ஒரே வீட்டில் தங்கியிருந்த ஹகியோ மோதோவும் தகெமியா கெய்கோவும் அவர்களில் முதன்மையானவர்கள். ஹெர்மன் ஹெஸ்ஸெயின் நாவல்களை அவர்கள் கையில் கொடுத்தவர் தோழி மசுயாமா நோரியே. உறைவிடப் பள்ளி மாணவர்களின் நேசத்தைச் சொல்லும் 1964-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படமொன்று ஹகியோவை உலுக்கியது. ஆக, இந்த ஊற்று ஐரோப்பிய விடுதிப் பள்ளி. சாமுராய் மாளிகை அல்ல. இந்தக் காதலுக்குச் சாவு துணையாக வந்ததும் அந்த வழியில்தான்.

1974-இல் வெளிவந்த ஹகியோவின் 'தோமாவின் இதயம்' ஒரு சாவோடு திறக்கிறது. ஜெர்மானியப் பள்ளி மாணவன் தோமா, தன் காதலை ஏற்காத யூலிக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டு உயிரை விடுகிறான். சில நாளில் அதே முகச்சாயலுடன் எரிக் என்னும் புதிய மாணவன் வந்து சேர்கிறான். கதை முழுவதும் செத்தவனின் காதலுக்கு உயிரோடிருப்பவன் தரவேண்டிய பதிலைப் பற்றியது. தகெமியாவின் 'காற்றும் மரமும் பாடும் பாட்டு' 1976-இல் தொடங்கியது. பதிப்பாசிரியர்களின் தயக்கத்தால் அதற்காக அவர் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரான்ஸின் தென்பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழும் அக்கதையிலும் முடிவு சாவே. பெண்கள் தம் ஆசையையும் அச்சத்தையும் தம் உடலிலிருந்து விலக்கி வைத்துப் பார்க்க இந்த அயல்நாட்டுப் பையன்கள் உதவினார்கள் என்பது திறனாய்வாளர்கள் பலரின் விளக்கம். அது சரியான விளக்கமே. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. காதலிப்பவன் உயிரோடு இருந்து, தோற்று, மறுநாள் எழுந்து வேலைக்குப் போவான் என்ற எண்ணத்துக்கே அக்கதைகளில் இடமில்லாமல் போயிற்று.

அசையும் படத்துக்கு இம்மரபு வந்ததும் அதே விலையோடுதான் வந்தது. தகெமியாவின் கதையின் முற்பகுதியை 1987-இல் யசுஹிகோ யோஷிகசு ஒரு மணி நேர வீடியோ படமாக இயக்கினார். 1992-இல் 'செய்லர் மூன்' தொலைக்காட்சித் தொடரில் குன்சைட், ஸாய்சைட் என்ற இரு வில்லன்கள் காதலர்களாக வந்தார்கள்; ஸாய்சைட் காதலனின் கைகளில் உயிர்விட்டான். அமெரிக்க மொழிமாற்றத்தில் அவன் பெண்ணாகவே மாற்றப்பட்டான்.

இந்தக் காலத்தின் உச்சம் 'நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்' தொடரின் 24-ஆம் அத்தியாயம். 1996 மார்ச்சில் ஒளிபரப்பானது. நகிசா கவோரு என்னும் இளைஞன் இகாரி ஷிஞ்ஜியிடம் தன் நேசத்தைத் தயங்காமல் சொல்கிறான். யாருமே தன்னை விரும்பியதில்லை என்று நம்பியிருந்த ஷிஞ்ஜி அதைக் கேட்டு நிலைகுலைகிறான். அதே அத்தியாயத்துக்குள் கவோரு மனிதகுலத்தின் எதிரி என்று தெரியவருகிறது. தன்னைக் கொன்றுவிடும்படி அவனே கேட்கிறான். ஷிஞ்ஜி இயக்கும் மாபெரும் எந்திர உருவத்தின் கைப்பிடிக்குள் கவோரு. பின்னணியில் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனி. படம் அப்படியே நின்றுவிடுகிறது. ஏறத்தாழ ஒரு நிமிடம் எதுவும் அசைவதில்லை.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1963-இல் தெசுகா ஒசாமுவின் 'ஆஸ்ட்ரோ பாய்' வாரத் தொடராகத் தொடங்கியது முதல், படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, நிலைச்சித்திரங்களைக் கொண்டு நேரத்தை நிரப்புவது ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயின் வழக்கம். காசும் காலமும் போதாமையால் பிறந்த உத்தி அது. அதையே எவாஞ்சலியன், சொல்ல வாயில்லாத ஒரு மனத்தின் அளவுகோலாக மாற்றிவிட்டது. ஷிஞ்ஜி கவோருவுக்குப் பதில் சொல்லவே இல்லை. நடிகரின் முகத்தை நம்பியிருக்கும் திரைப்படத்தில் இவ்வளவு நேரம் எதையும் நிறுத்திவைக்க முடியாது, முகம் எதையாவது காட்டிக்கொடுத்துவிடும். வரைந்த படம் காட்டிக்கொடுப்பதில்லை. அனிமே இப்பொருளுக்கு ஏன் இவ்வளவு இயல்பாகப் பொருந்தியது என்பதற்கு, அழகான இளைஞர்களை வரையலாம் என்பதைவிட இது வலுவான காரணம் என்று நினைக்கிறேன். நம் இலக்கண மரபில் கைக்கிளைத் தலைவன் மறுமொழி கிடைக்காதபோதும் தானே பேசி இன்புறுபவன். அனிமேயின் ஒருதலைக் காதலனோ பேசுவதையே விட்டவன். அவனுக்காகச் சட்டகம் பேச வேண்டியிருக்கிறது.

எனினும் கவோரு மனிதனல்லன், அவன் சாக வேண்டியவன். ஆண் ஆணை நேசிப்பதற்கு 1996-லும் அழிவையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர்களும் அன்றே இருந்தார்கள். 1992-இல், தன்பால் ஈர்ப்பாளரான சாதோ மசாகி, பெண்ணியச் சிற்றிதழான 'ஷுவாஸீர்' இதழில் இக்கதைகளை எழுதும், வாசிக்கும் பெண்கள் மீது கடும் கோபத்தோடு எழுதினார். எங்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளாமல் எங்களை வைத்து அழகு பார்க்கிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். பல ஆண்டுகள் நீண்ட அந்த விவாதத்தில், இவை எங்களைப் பற்றிய கற்பனை, உங்களைப் பற்றியவை அல்ல என்று சில பெண்கள் விடை சொன்னார்கள். சாதோவின் கோபத்தை ஒதுக்கிவிட முடியாது. பின்னாளில் ஆய்வாளர் மிசோகுச்சி அகிகோ 2015-இல் வெளியிட்ட நூலில், இவ்வகைமை இத்தகைய கேள்விகளை உள்வாங்கிக்கொண்டு படிப்படியாக வளர்ந்தது என்றும், நடப்புச் சமூகத்தைவிட ஓரடி முந்திய உலகைக் காட்டக்கூடிய படைப்புகள் அதில் உருவாயின என்றும் வாதிட்டார். அவருடைய முடிவை ஏற்கிறேன். ஆனால் அந்த வளர்ச்சிக்குச் சான்றாக மகிழ்ச்சியான காதலர்களை மட்டும் காட்டினால் போதாது. தோற்ற காதலர்களை எப்படி நடத்துகிறது என்பதே கடினமான சோதனை.

அந்தச் சோதனையில் முதலில் தேறியது குழந்தைகளுக்கான ஒரு தொடர் என்பது கவனிக்கத்தக்கது. கிளாம்ப் குழுவின் 'கார்ட்கேப்டர் சகுரா' 1998 முதல் 2000 வரை என்.எச்.கே. செயற்கைக்கோள் அலைவரிசையில் ஒளிபரப்பானது. சிறுமி சகுராவுக்கு அண்ணன் தோயாவின் நண்பன் யுகிதோ மீது ஆசை. தயங்கித் தயங்கி அவனிடம் சொல்கிறாள். அவன் அவளைப் புண்படுத்தாமல், தனக்கு மிக வேண்டியவர் வேறொருவர் இருப்பதை உணர்த்துகிறான். அந்த வேறொருவர் தோயா. இங்கே இரு இளைஞர்களின் நேசம் ஏற்கெனவே நிலைபெற்ற உண்மை. அதன் காரணமாகத் தோற்பது ஒரு பெண்குழந்தையின் முதல் காதல். அவள் அழுகிறாள், பிறகு தேறுகிறாள். யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை.

'கிவன்' அந்தச் சாதாரணத்தை வளர்ந்தவர்களின் வாழ்க்கைக்குக் கொண்டு வந்தது. தொடக்கக் காட்சியைப் பார்க்கலாம். பள்ளிப் படிக்கட்டில் மஃபுயு அறுந்த தந்திகளுடைய ஒரு கிப்சன் கிதாரை அணைத்தபடி தூங்குகிறான். ரித்சுகா தந்தியை மாற்றிச் சுருதி கூட்டிக் கொடுக்கிறான். அந்தக் கிதார், தற்கொலை செய்துகொண்ட முன்னாள் காதலன் யுகியுடையது என்பது பின்னரே தெரியும். பழைய மரபின் சாவு இங்கும் இருக்கிறது. ஆனால் கதை செத்தவனைப் போற்றுவதில்லை, மிஞ்சியவனுக்குக் குரல் தேடுகிறது. ஒன்பதாம் அத்தியாயத்து மேடையில், அதுவரை ஒரு வரிகூட எழுத முடியாமலிருந்த மஃபுயு பாடும்போது அந்தக் குரல் கிடைக்கிறது.

ஹருகிக்கு அப்படி ஒரு மேடை இல்லை. 2020 ஆகஸ்டில் வந்த திரைப்படம் அவன் பக்கம் திரும்புகிறது. நிலத்தடி வீட்டில் உகெட்சுவும் அகிஹிகோவும் ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொண்டு, விடவும் முடியாமல் வாழ்கிறார்கள். ஒரு மோசமான இரவில் அகிஹிகோ தன் துயரத்தையெல்லாம் ஹருகி மீது முரட்டுத்தனமாகக் கொட்டுகிறான். ஹருகி தன் நீளமான முடியை வெட்டிக்கொள்கிறான். ஆனால் குழுவை விட்டுப் போவதில்லை, ஒத்திகைக்கு வருகிறான், பேஸ் வாசிக்கிறான். அகிஹிகோவுக்குத் தங்க இடமும் தருகிறான். தோமாவின் சாவைவிட இந்த ஒத்திகைக்கு வருதல் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனாலும் படம் ஹருகியை அப்படியே விட்டுவிடவில்லை. அகிஹிகோ உகெட்சுவைப் பிரிந்து, வயலினைத் திரும்ப எடுத்து, கடைசியில் ஹருகியிடம் வருகிறான். காதல் கைகூடுகிறது, அதற்கான இழப்பு உகெட்சுவின் கணக்கில் எழுதப்படுகிறது. இப்படம் இவ்வகைமைக்கென்றே ஃபுஜி தொலைக்காட்சி தொடங்கிய 'புளூ லிங்க்ஸ்' முத்திரையின் கீழ் வந்தது. அந்த முத்திரையை நம்பி வரும் பார்வையாளருக்கு, இருவர் சேர்வார்கள் என்பது கிட்டத்தட்ட எழுதப்படாத வாக்குறுதி.

வாக்குறுதி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அதே 2019-இல், அதே நொய்தாமினா வரிசையில் வந்த இகுஹாரா குனிஹிகோவின் 'சரஸன்மாய்' சான்று. அசகுசாவில் மூன்று சிறுவர்கள் கப்பா என்னும் நீர்வாழ் உயிரினங்களாக மாற்றப்படுகிறார்கள். அவர்கள் மனங்கள் இணையும் ஒவ்வொரு முறையும் ஒருவனின் ரகசியம் மற்ற இருவருக்கும் கசிந்துவிடும். ஜின்னாய் என்தா தன் கால்பந்துத் தோழன் யசகா கசுகியை நேசிப்பது இப்படித்தான் அம்பலமாகிறது. அவன் சொல்லவில்லை, தொடரின் விதியே அவனைச் சொல்ல வைத்துவிடுகிறது. ஒவ்வொரு அத்தியாயத் தலைப்பும் இணைய விரும்பியும் ஏதோ ஒன்று தடுப்பதைச் சொல்வது. என்தாவின் அத்தியாயத் தலைப்பு அவன் நேசத்துக்குப் பலனில்லை என்றே சொல்லிவிடுகிறது. கசுகி அவனைக் காதலிப்பதில்லை. அருவருப்பதும் இல்லை, நட்பை முறிப்பதும் இல்லை. என்தா பொறாமைப்படுகிறான், பிழை செய்கிறான், கடைசிவரை தோழனாக நிற்கிறான். நான் அறிந்தவரை, காதல் கைகூடாமலும் தண்டிக்கப்படாமலும் ஒரு பையன் முழுமையான பாத்திரமாக நிற்கும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இதுவே.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சமூகத் தடையே இல்லாததுபோல் காட்டுவது ஜப்பானின் நடப்பை மறைப்பதாகாதா? ஒருபால் திருமணத்தை ஏற்காதது அரசமைப்புக்கு முரண் என்று சப்போரோ மாவட்ட நீதிமன்றம் 2021 மார்ச்சில்தான் தீர்ப்பளித்தது. சட்டம் அதனால் மாறிவிடவில்லை. இம்மறுப்பில் நியாயம் உண்டு. 'கிவன்' குடும்பத்தைப் பற்றி ஏறக்குறைய எதுவும் பேசுவதில்லை என்பது அதன் குறையே. 2020-இல் வந்த 'கடலோர அந்நியன்' படத்தில், தான் யார் என்று சொன்னதால் பெற்றோரைப் பிரிந்து ஒகினாவாத் தீவொன்றில் வாழும் எழுத்தாளன் ஷுன், அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறான். இருந்தும், தடையைக் காட்டினால்தான் உண்மை என்று கேட்பது, இவர்களின் காதல் தடையால் மட்டுமே தோற்க முடியும் என்ற பழைய முடிவுக்கே நம்மைக் கொண்டுபோய்விடும். மற்றவர்களைப் போலவே, விரும்பப்படாமல் போகும் சாத்தியமும் அவர்களுக்கு வேண்டும்.

2025-இல் அனிமேயாக வந்த 'ஹிகாரு இறந்த கோடை' இந்த வாதத்தைச் சிக்கலாக்குகிறது. மொகுமொகுரென் எழுதி வரைந்த மங்காவின் தழுவல் அது. மலைக்கிராமத்து யோஷிகியின் உயிர்த்தோழன் ஹிகாரு இறந்துவிடுகிறான். அவன் உருவத்தில், அவன் நினைவுகளோடு வேறேதோ ஒன்று திரும்பி வருகிறது. ஹிகாருவிடம் சொல்ல முடியாத ஒன்றை யோஷிகி நெஞ்சில் வைத்திருந்தான் என்பதைத் தொடர் மெல்ல உணர்த்துகிறது. சாவும், செத்தவன் சாயலில் வருபவனும்: ஹகியோவின் 1974-ஆம் ஆண்டு அமைப்பு அப்படியே மீள்கிறது. ஆனால் இடங்கள் மாறியிருக்கின்றன. அங்கே காதலித்தவன் செத்தான், காதலிக்கப்பட்டவன் பதில் தேடினான். இங்கே செத்தது காதலிக்கப்பட்டவன். சொல்லாதவன் உயிரோடு இருக்கிறான், அந்த ஒன்றோடு தினமும் பள்ளிக்குப் போகிறான், இது ஹிகாரு அல்ல என்று தெரிந்துகொண்டே அதை விடாமலிருக்கிறான். கேள்வி இப்போது கடிதம் எழுதிவிட்டுப் போனவனைப் பற்றியது அல்ல. எழுதாமல் மிஞ்சியவன் இனி என்ன செய்யப் போகிறான் என்பதைப் பற்றியது.