பொது மீட்டர் பிறந்த கதை

எங்கள் கட்டடத்தில் வீடு எட்டு, மீட்டர் ஒன்பது. ஒன்பதாவது மீட்டருக்கு வீடு கிடையாது. ஸ்டில்ட்டில், மாடிப்படிக்கு அடியில், மோட்டார் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் பழைய சைக்கிள் ஒன்று சாய்ந்திருக்கும் சுவரில் அது மாட்டியிருக்கிறது. மாடிப்படி லைட்டு, கேட் லைட்டு, போர் மோட்டார், சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் சின்ன மோட்டார் எல்லாம் அதன் கணக்கு. பல வருஷம் அதை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பில் வரும், சங்கப் பொருளாளர் கட்டுவார், மாத மெயின்டனன்ஸில் அது கரைந்துபோகும்.

2022ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் கூடியது. ஓசூரில் அபார்ட்மென்ட் கூட்டம் என்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துபோகும். அன்றைக்கு மூன்று பாஷைக்காரர்களும் சொன்னது ஒன்றுதான்: கரண்ட் பில் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. மீட்டர் கோளாறு என்றார் ஒருவர். மோட்டாரை யாரோ அணைக்காமல் விட்டிருப்பார்கள் என்றார் இன்னொருவர். பில்லை வாங்கிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. யூனிட் பழைய அளவில்தான் இருந்தது. மாறியிருந்தது, ‘டாரிஃப்’ என்ற கட்டத்துக்குள் இருந்த ஓர் எழுத்து. ‘ஒன்-ஏ’ இருந்த இடத்தில் ‘ஒன்-டி’.

அந்த ‘டி’ எங்கிருந்து வந்தது என்று தேடப்போனால் கதை ஐரோப்பாவரை இழுக்கிறது.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது குளிர் நாடுகளுக்கு உறைத்த முதல் விஷயம், வீடு என்பது வெப்பம் ஒழுகும் பாத்திரம் என்பது. டென்மார்க்காரர்கள் இதில் முந்திக்கொண்டார்கள். 1997இலேயே வீட்டை விற்கும்போது எரிசக்திச் சீட்டும் கூடவே இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2002 டிசம்பர் 16ஆம் தேதியிட்ட ஐரோப்பிய ஒன்றிய ஆணை அதை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக்கியது. வீடு கட்டினாலும் விற்றாலும் வாடகைக்கு விட்டாலும் அதன் எரிசக்தித் திறனைச் சொல்லும் சான்றிதழ் ஒன்று வேண்டும். ஃபிரிட்ஜில் ஒட்டும் ஸ்டிக்கர் மாதிரி, வீட்டுக்கு.

இதில் ஒரு முடிச்சு. மாடிப்படியை யாரும் விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை. அதற்கு யார் சான்றிதழ் வாங்குவது? ஆணையின் ஏழாவது பிரிவு இதற்கு ஓரளவு வழி செய்தது. அடுக்குமாடிக் கட்டடம் முழுவதற்கும் பொதுவான வெப்பமூட்டும் அமைப்பு இருந்தால், கட்டடத்துக்கே சேர்த்து ஒரே சான்றிதழின் அடிப்படையில் வீடுகளுக்குச் சான்று தரலாம். அடித்தளத்தில் ஒரு பெரிய கொதிகலன், அதிலிருந்து எல்லா வீடுகளுக்கும் சூடான குழாய்கள். அந்த ஊர்க் கட்டடங்களைச் சேர்த்துக் கட்டியிருப்பது அந்தக் கொதிகலன்தான். சான்றிதழும் அதைப் பின்தொடர்ந்தது.

நம் ஊரில் கொதிகலன் ஏது? ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் ஸ்வெட்டர் வேண்டும், அவ்வளவுதான். எட்டு வீட்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருப்பது தண்ணீர். அங்கே வெப்பத்தைப் பங்கிட்டார்கள், இங்கே நாம் மோட்டாரைப் பங்கிடுகிறோம். பொது மீட்டரின் கதையை பல்பில் தொடங்கினால் கணக்கு தப்பிவிடும். தண்ணீரில்தான் தொடங்க வேண்டும்.

இந்த ஊரில் தண்ணீருக்கும் கரண்ட்டுக்கும் உள்ள உறவு கொஞ்சம் விசேஷமானது. சிப்காட் வந்தது எழுபதுகளில். எண்பதுகள் முடிவதற்குள் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று பெரிய ஆலைகள் வந்துவிட்டன. வேலைக்கு வந்தவர்கள் மத்திகிரியிலும் பாகலூர் ரோட்டிலும் ராயக்கோட்டை ரோட்டிலும் குடியேறினார்கள். பிறகு பெங்களூரு வாடகைக்கு அஞ்சி ஜூஜூவாடியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நகராட்சி 2019இல் மாநகராட்சியானது. ஆட்கள் ஏறிய வேகத்தில் போர்த் தண்ணீர் கீழே இறங்கியது. ஆயிரம் அடி துளைத்தும் புழுதி மட்டுமே வந்த மனைகளை இந்த வட்டாரத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்துக்கொண்டிருந்ததற்கு மாற்றாக, ஜப்பான் கடனுதவியில் வந்த திட்டம் அது.

ஒரு சின்னக் கணக்கு. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரம் தூக்க, எந்த நஷ்டமும் இல்லாவிட்டால், 0.027 யூனிட் போதும். மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் தொட்டிக்கு ஏற்ற 0.04 யூனிட். ஆயிரம் அடி போரிலிருந்து, அதாவது 300 மீட்டர், தூக்குவதற்கு 0.8 யூனிட்டுக்கு மேல். காவிரிக் கரையிலிருந்து ஓசூர் மேட்டுக்கு 600 மீட்டர் போல ஏற வேண்டும்; அதற்கு ஒன்றரை யூனிட்டைத் தாண்டும். இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. நிஜ மோட்டாரும் பம்பும் சேர்ந்து, வாங்கும் கரண்ட்டில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுத்தாலே நல்ல ஜோடி.

எட்டு வீட்டுக்கு நாளைக்கு ஐயாயிரம் லிட்டர் என்று வையுங்கள். முந்நூறு மீட்டர் போர், நாற்பது சதவீதத் திறன் என்றால் நாளொன்றுக்குப் பத்து யூனிட். இரண்டு மாதத்தில் அறுநூறு. இதற்கு எதிரே, ராத்திரி முழுக்க எரியும் ஐந்து 9 வாட் எல்.இ.டி. பல்புகள் இரண்டு மாதத்துக்கு எடுப்பது முப்பத்து சொச்சம் யூனிட்தான். ஆனாலும் எங்கள் கூட்டத்தில் சண்டை நடந்தது பல்பைப் பற்றி. ‘இரண்டாம் மாடி லைட்டை யார் அணைக்காமல் போகிறார்கள்?’ கண்ணுக்குத் தெரிவது அதுதானே. போருக்குள் நடப்பது யார் கண்ணில் படுகிறது?

சரி, அந்த அறுநூறு யூனிட்டுக்கு 2022 செப்டம்பர் வரை என்ன கட்டினோம்? பொது இணைப்பும் வீட்டு இணைப்பும் ஒரே ஒன்-ஏ வகை. குடியிருப்பவர்களுக்காக மட்டும் ஓடும் லிஃப்ட், மோட்டார், விளக்கு எல்லாம் வீட்டு உபயோகமே என்பது பழைய ஏற்பாடு. 2016 மே மாதம் ஜெயலலிதா மறுபடி முதல்வரானவுடன் எல்லா வீடுகளுக்கும் அறிவித்த இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் இதற்குக் கிடைத்தது. முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 3.50 ரூபாய், அதற்கு மேல் ஐந்நூறு வரை 4.60, அதற்கும் மேல் 6.60. நிலைக் கட்டணம் ஐம்பது ரூபாய். கூட்டினால் 2,440 ரூபாய். எட்டாக வகுத்தால் வீட்டுக்கு 305. யார் கவனிப்பார்கள்?

இடையில் டெல்லியில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஏசியிலும் ஃபிரிட்ஜிலும் நட்சத்திரம் ஒட்ட வைக்கும் பி.இ.இ. அமைப்பு, 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தில் பிறந்தது. 2007இல் வணிகக் கட்டடங்களுக்கு ஒரு விதித்தொகுப்பு போட்டார்கள். வீடுகளுக்கு வர இன்னும் பதினொரு வருஷம் ஆனது. 2018 டிசம்பர் 14, தேசிய எரிசக்திச் சேமிப்பு நாளன்று ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ வெளியானது. முதல் பாகம் முழுக்கச் சுவர், கூரை, ஜன்னல். வெயில் சுவர் வழியாக எவ்வளவு உள்ளே வரலாம், ஜன்னல் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. மாடிப்படி அதில் கிடையாது.

மாடிப்படி வந்தது 2021இல், இரண்டாம் பாகத்தில். பொதுப் பகுதி விளக்கு, லிஃப்ட், தண்ணீர் பம்ப், டிரான்ஸ்ஃபார்மர் என்று, எந்த வீட்டுக்கும் தனியாகச் சொந்தமில்லாத சாமான்களை அந்த ஏடு வரிசையாக எடுத்து எண் போட்டது. நடைவழிக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்குக்கும் சதுர மீட்டருக்கு 3 வாட்டுக்கு மேல் விளக்கு கூடாது. பேஸ்மென்ட்டுக்கு ஒரு வாட். ஒரு வாட்டுக்கு 105 லுமென் வெளிச்சமாவது விளக்கு தர வேண்டும். பழைய குண்டு பல்பு அதில் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. லிஃப்டுக்குள் ஆள் இல்லாதபோது லைட்டும் ஃபேனும் தானாக நிற்க வேண்டும். பம்புக்கும் ஒரு குறைந்தபட்சத் திறன் வேண்டும். அதைப் படித்தபோது எனக்கு ஒருவித சந்தோஷம் வந்தது. நம் நாட்டில் யாரோ ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஸ்டில்ட் பார்க்கிங்கின் ட்யூப் லைட்டைப் பற்றி யோசித்திருக்கிறார்!

ஆனால் மாநிலம் தன் கட்டட விதியில் சேர்த்துக்கொண்டால்தான் அதற்குப் பல் முளைக்கும். 2022 இறுதியில் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, குடியிருப்புகளையும் அதன் வளையத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதுவும் இணைக்கப்பட்ட மின்சுமை 100 கிலோவாட், அல்லது ஒப்பந்த மின்தேவை 120 கே.வி.ஏ. இருக்கும் கட்டடங்களுக்கு. மாநிலங்கள் வேண்டுமானால் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம். எட்டு வீட்டுக் கட்டடம் வீட்டுக்கு 5 கிலோவாட் என்றாலும் ஐம்பதை எட்டாது. பூனப்பள்ளியிலோ மூக்கண்டப்பள்ளியிலோ இரண்டு கிரவுண்டில் எழும் கட்டடங்கள் எல்லாம் இந்தச் சல்லடையின் ஓட்டை வழியே நிம்மதியாக விழுந்துவிடும்.

டெல்லி அளந்துகொண்டிருந்தபோது சென்னை விலை போட்டுவிட்டது. 2022 ஜூலை 18 அன்று மின்கட்டண உயர்வுத் திட்டத்தை அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி அறிவித்தார். அதற்கு முன் கட்டணம் ஏறியது 2014 டிசம்பரில். எட்டு வருஷ நஷ்டம் மலையாகக் குவிந்திருந்தது. ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்டார்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில்தான் ‘ஒன்-டி’ பிறந்தது. அடுக்குமாடிப் பொது இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய், முதல் யூனிட்டிலிருந்தே. இலவச நூறு கிடையாது. கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய் நிலைக் கட்டணம் தனி.

அதே அறுநூறு யூனிட், 6 கிலோவாட் இணைப்பு: 4,800 உடன் 1,200. ஆறாயிரம். ஓர் எழுத்து மாறியதன் விலை 3,560 ரூபாய்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. எட்டு வீட்டுக்கும் தனித்தனியாக நூறு யூனிட் இலவசம் கிடைக்கும்போது, ஒன்பதாவதாக யாரும் குடியிருக்காத மாடிப்படிக்கும் ஏன் தர வேண்டும்? கேட்கத் தோன்றும் கேள்விதான். ஆனால் தனி வீட்டுக்காரர் தன் போர் மோட்டாரை வீட்டு மீட்டரிலேயே ஓட்டுகிறார். குளிக்கும் தண்ணீருக்கு மானியம் அவருக்கு உண்டு. பக்கத்து அபார்ட்மென்ட்டில் அதே ஆழத்திலிருந்து அதே தண்ணீரை இறைப்பவருக்கு இல்லை. நீச்சல்குளமும் ஜிம்மும் வைத்த கோபுரத்தையும், லிஃப்ட்கூட இல்லாத எங்களையும் ஒரே எழுத்துக்குள் அடைத்ததுதான் தவறு என்று நான் நினைக்கிறேன். மோட்டாருக்கும் அலங்கார விளக்குக்கும் அந்த ‘டி’ வித்தியாசம் பார்க்கவில்லை. எவ்வளவு எரிந்தது என்று கேட்டதே தவிர, எதற்கு எரிந்தது, எவ்வளவு வீணானது என்று கேட்கவில்லை.

சின்ன அபார்ட்மென்ட்காரர்கள் சத்தம் போட்டார்கள். 2023 ஜூலையில் யூனிட் 8.15 ரூபாயானது. அந்த அக்டோபரில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு சலுகை அறிவித்தார்: பத்து வீடு அல்லது அதற்குக் குறைவு, மூன்று மாடி அல்லது அதற்குக் குறைவு, லிஃப்ட் இல்லை என்றால் யூனிட்டுக்கு 5.50. மூன்று நிபந்தனையிலும் தேறியவர்களுக்கு ‘டி’க்குப் பக்கத்திலேயே ஒரு புதுப் பிரிவு பிறந்தது. மற்றவர்களுக்கு 2024 ஜூலையில் 8.55 ஆனது.

அறிவிப்பு வந்த வாரம் எங்கள் கூட்டத்தில் நடந்த விவாதம் ஸ்டில்ட் ஒரு மாடியா இல்லையா என்பது. ஒரு மணி நேரம் போனது. எங்களில் லிஃப்ட் வைக்கச் சொல்லி நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

ஆலையில் முப்பது வருஷம் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இப்போது எங்கள் பொருளாளர். அவருக்கு டெல்லி ஏடும் தெரியாது, ஐரோப்பிய ஆணையும் தெரியாது. கம்ப்ரஸரில் காற்று ஒழுகினால் காசு ஒழுகுகிறது என்று ஆலையில் பழகியவர். வந்த முதல் வாரமே ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவின் உட்புறத்தில் மார்க்கரால் இரண்டு பத்தி கோடு போட்டார். ஒன்று தேதி, மற்றது, காலி மேல் தொட்டி போர் மோட்டாரில் நிறைய எத்தனை நிமிஷம். மாதம் ஒருமுறை, வாட்ச்மேன் போனில் டைமர் வைத்துப் பார்த்துச் சொல்லுவார். முதல் வரி 85 என்றிருந்தது. அடுத்த சில மாதம் 86, 85, 88. இந்தக் கோடைக்குள் 104 ஆகி, போன மாதம் 121ஐத் தொட்டது. தொட்டி அதே ஐயாயிரம் லிட்டர்தான்.

கூட்டத்தில் அவர் பில்லைக் காட்டவில்லை. பெட்டியைத் திறந்து கதவைக் காட்டினார். பம்பின் இம்பெல்லர் தேய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர்மட்டம் இறங்கியிருக்க வேண்டும். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்றார். இரண்டாம் மாடி லைட்டைப் பற்றிப் பேச வந்தவர் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பைப்பை உருவும் வண்டிக்குச் சொல்லியிருக்கிறோம். வருகிற புதன்கிழமை காலை ஸ்டில்ட்டில் வண்டி நிறுத்தியிருப்பவர்கள் எட்டு மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று பாஷையிலும் போட்டாயிற்று.