நம்மட வலயம் எத்தினையாம் இடம்?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் களுதாவளையில் ஒரே கேள்வி வெற்றிலைத் தோட்டத்திலும் கேட்கும், பிள்ளையார் கோயிலடியிலும் கேட்கும். "தம்பி, இந்த முறை நம்மட வலயம் எத்தினையாம் இடமாம்?" கேட்கிறவர்களில் பலரது வீட்டில் அந்த வருடம் பரீட்சை எழுதிய பிள்ளையே இராது. நானும் பலமுறை ஓர் இலக்கத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அந்த இலக்கம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதை ஒருமுறையாவது விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

நம்மட வலயம் என்பது பட்டிருப்புக் கல்வி வலயம். மட்டக்களப்பு மாவட்டத்தின் ஐந்து வலயங்களில் ஒன்று. மண்முனை தென் எருவில் பற்று, போரதீவுப்பற்று ஆகிய கோட்டங்கள் இதற்குள் வருகின்றன. முன்னது எழுவான்கரை, பின்னது வாவிக்கு அப்பால் படுவான்கரை. பட்டிருப்புப் பாலத்தின் இரு புறமும் ஒரே வலயம்தான்.

ஆறாம் தரம் முதல் ஒன்பதாம் தரம் வரையான கனிஷ்ட இடைநிலைப் பிரிவில் எங்கள் பிள்ளைகள் நாட்டின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப் போனால், முதல் தடையே அளவுகோல்தான். ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது. அதன்பின் பதினோராம் தரத்தில் சாதாரண தரம். இடையில் நாடு முழுவதும் எல்லாப் பிள்ளைகளும் எழுதும் பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. தவணைப் பரீட்சை வினாத்தாள் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும்; சிலவேளை வலயத்துக்கு வலயமும் வேறுபடும். களுதாவளைப் பிள்ளையின் எண்பது புள்ளியைக் காலிப் பிள்ளையின் எண்பது புள்ளியோடு வைத்துப் பார்க்க வழியில்லை.

ஆகவே எல்லோரும் சாதாரண தரத்தையே பார்க்கிறோம். 2024 ஆம் ஆண்டுக்கான பரீட்சை 2025 மார்ச்சில் நடந்து, ஜூலையில் பெறுபேறு வந்தது. உயர்தரம் கற்கத் தகுதி பெற்றவர்கள் நாடளாவிய ரீதியில் 73.45 வீதம். தென் மாகாணம் 75.64 வீதத்துடன் முதலிடம். கிழக்கு மாகாணம் 74.26 வீதத்துடன் மூன்றாமிடம். வடக்கு 69.86 வீதத்துடன் ஒன்பதாமிடம். கிழக்கு என்றாலே கடைசி வரிசை என்று கேட்டுப் பழகிய எங்களுக்கு இது பெரிய செய்தி. அந்தப் பிள்ளைகள் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் தரங்களில் இருந்த வருடங்களை எண்ணிப் பாருங்கள்: 2020, 2021, 2022. கொரோனாவில் மூடிய பாடசாலைகள், பிறகு எரிபொருள் வரிசை. கைத்தொலைபேசியில் சிக்னல் தேடி மரத்தடியில் படித்த காலம் அது. மகிழ்ச்சிப்படத்தான் வேண்டும்.

ஆனால் முதலிடத்துக்கும் ஒன்பதாமிடத்துக்கும் இடையிலான தூரம் ஆறு வீதம் கூட இல்லை. இத்தனை நெருக்கத்தில் சின்ன அசைவே இடத்தை மாற்றிவிடும்.

அதைவிட முக்கியமானது, "தகுதி" என்ற சொல். ஒன்பது பாடங்களில் முதல் மொழி, கணிதம் உட்பட ஆறில் சித்தி, அவற்றில் மூன்றில் திறமைச் சித்தி. இவ்வளவு இருந்தால் தகுதி. சாதாரண சித்திக்கு 35 புள்ளி போதும். விஞ்ஞானத்திலும் ஆங்கிலத்திலும் சித்தியடையாத பிள்ளையும் அந்த 74.26 வீதத்துக்குள் இருக்கலாம்.

இடைநிலைத் தரங்களை நேரடியாக அளந்த முயற்சி ஒன்று உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் 2012, 2014, 2016 ஆண்டுகளில் எட்டாம் தர மாணவரின் அடைவைக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் மாதிரி எடுத்துச் சோதித்தது. ஆங்கிலத்தில் நாட்டின் சராசரியே ஐம்பதைத் தொடவில்லை. கிழக்கு மாகாணம் பின்வரிசையில் நின்றது. காலமும் பிள்ளைகளும் வேறு என்பதால் இதையும் 2024 பெறுபேற்றையும் நேருக்கு நேர் மோதவிடக் கூடாது. என்றாலும், அங்கே சோதித்த மூன்று பாடங்களில் இரண்டைக் கைவிட்டாலும் இங்கே தகுதி கிடைத்துவிடும் என்பது நினைவிலிருக்க வேண்டும். அந்த ஆய்வு மாகாண மட்டத்தில்தான் பேசுகிறது. பட்டிருப்பு என்ற பெயரை அதில் தேட முடியாது.

வலயச் சராசரிக்குள்ளும் இரண்டு கரை இருக்கிறது. எழுவான்கரையில் பிரதான வீதி, பஸ், மாலை வகுப்பு எல்லாம் கிட்ட. படுவான்கரையில் பல பாடசாலைகளுக்கு ஆசிரியர்கள் வாவி கடந்து வந்துபோக வேண்டும். மாரியில் வெள்ளம், மற்ற நாளில் யானை. வயல் வேலைக் காலத்தில் எட்டாம் தரப் பையன் வகுப்பில் இல்லை என்றால் எங்கே நிற்பான் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டாயக் கல்வி வயது 2016 இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. அதனால் மட்டும் பிள்ளை பாடசாலையில் நின்றுவிடுவதில்லை.

இடைவிலகிய பிள்ளை பெறுபேற்றில் வரமாட்டான். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: நூறு பேர் ஆறாம் தரத்தில் சேர்ந்து, தொண்ணூறு பேர் பரீட்சை எழுதி, அறுபத்தேழு பேர் தகுதி பெற்றால், பத்திரிகையில் 74 வீதம். ஆறாம் தரத்தில் சேர்ந்தவர்களில் 67. விலகியவர்கள் கூடக்கூட, வீதம் நன்றாகவே தோன்றும்!

எதிர்ப்பக்கமும் உண்டு. ஐந்தாம் தரத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலர் மட்டக்களப்பு நகரத்துக் கல்லூரிகளுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களது பெறுபேறு வேறொரு வலயத்தின் கணக்கில் சேரும். இங்கே தங்கியவர்களைக் கற்பித்து மேலே கொண்டுவரும் ஆசிரியரின் உழைப்பு எந்தப் பட்டியலிலும் தெரியாது.

அதனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு யோசனை. எத்தனையாம் இடம் என்பதோடு இன்னும் இரண்டைக் கேளுங்கள். இந்தப் பெறுபேற்றுக்கு உரிய பிள்ளைகள் ஆறாம் தரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்களில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் மூன்றிலும் சித்தியடைந்தவர் எத்தனை பேர்? இரண்டாவதற்குப் பெறுபேற்றுத் தாளே போதும். முதலாவதற்குச் சேர்விடாப்பைப் பார்க்க வேண்டும். அதில் விடுகைப் பத்திரம் எடுத்து வேறு பாடசாலைக்குப் போனவர்களைத் தனியாகக் கழித்துவிட்டு, மிச்சமுள்ள பெயர்களைப் பாருங்கள்.