வெறும் மண்ணில் பிடிக்கும் பாசி

பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். நமக்கு என்னவோ இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது. அங்கே தோட்டத்தை விட்டு வந்து தாமான் வீடுகளில் குடியேறியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வாசலில் புல் போட்டோம், பாசி பிடித்துவிட்டது. என்ன மருந்து அடிக்கலாம்?"

ஏன் பிடித்தது என்று யாரும் கேட்பதில்லை. மருந்துதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இந்தப் பழக்கத்துக்கு நம் தோட்டங்களில் நூறு வருடக் கதை இருக்கிறது.

ரப்பர் போட வந்த துரைமார்களில் பலர் இலங்கையில் தோட்டம் பார்த்தவர்கள். மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது அவர்கள் கொண்டுவந்த சட்டம். காலைப் பெரட்டு முடிந்ததும் பால்மரம் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கம் போவார்கள். மண்வெட்டியோடு புல்வெட்டுக்குப் போனவர்களில் பெண்களும் வயதானவர்களும் சிறுவர்களுமே அதிகம். 1928-இல் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் நிர்ணயித்த நாள் சம்பளம் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மழை பெய்யப் பெய்ய மேல்மண் கரைந்து ஓடியது. பக்கத்துக் கம்பத்தில் காடு மண்டிக் கிடந்த சிறுதோட்டங்களைத் துரைமார்கள் ஏளனம் செய்தார்கள். அந்த மரங்களோ நன்றாகவே பால் கொடுத்தன! 1925-இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்ணியல் அறிஞர் ஹெய்ன்ஸ், 1930-களில் இயற்கையாக வளரும் செடிகொடிகளைக் கட்டுக்குள் வைத்தால் போதும், அடியோடு அழிக்க வேண்டாம் என்று எழுதினார். மூடுபயிர்க் கொடிகளும் பரவலாயின.

இருந்தாலும் லாலான் புல்லை ஒழிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சோடியம் ஆர்சனைட் வந்தது. ஆர்சனிக் விஷம் அது, மேய்ந்த மாடுகளும் செத்தன. 1960-களில் அந்த இடத்துக்குப் பாராகுவாட் வந்து சேர்ந்தது. கிரமோக்சோன் என்றால் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. மண்வெட்டி பிடித்த அதே பெண்களின் முதுகில் இப்போது மருந்து டாங்கி ஏறியது.

என் அத்தை ஒருவர் அந்த வேலை பார்த்தவர். அவர் மட்டும் கரண்டியால்தான் சோறு சாப்பிடுவார். சிறுவயதில் அதை நாகரிகம் என்று நினைத்துக் கேலி செய்திருக்கிறேன். நகம் வெடித்த விரலில் குழம்பு பட்டால் எரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. மூக்கில் இரத்தம் வருவதும் நகம் கழல்வதும் பாராகுவாட் அடிப்பவர்களுக்கு வரக்கூடியவை. தோட்ட மருத்துவமனையில் அதற்குக் கிடைத்தது வலி மாத்திரை.

2002-இல் தெனாகானித்தா அமைப்பு, மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட்டை நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி 1-இல்தான் நடப்புக்கு வந்தது. இடையில் பதினெட்டு வருடம்! அத்தை அந்தத் தடையைப் பார்க்கவில்லை.

சரி, வாசல் பாசிக்கு வருவோம். பாசிக்கு வேர் கிடையாது. அது புல்லைக் கொல்வதும் இல்லை, புல் விட்டுப்போன இடத்தில் வந்து உட்காருகிறது. நிழல், தேங்கும் ஈரம், இறுகிய மண், மண்ணின் புளிப்பு, இவைதான் காரணம். வீடு கட்டும்போது மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, இயந்திரம் ஓடி இறுகிய களிமண்ணின் மேல் புல்லைப் பரப்பினால் வேர் எப்படி இறங்கும்? அங்கே களைக்கொல்லி அடித்தால் முதலில் சாவது புல். பாசிக்கு இன்னும் இடம் கிடைக்கும். திரும்பத் திரும்ப மருந்தடித்த செம்பனை அடி வட்டத்தில் பாசி படர்வதைத் தோட்டத்துக்காரர்கள் பார்த்திருப்பீர்கள்.

பாசியை வாரி எடுத்துவிட்டு, இரும்புக் கம்பியால் நான்கு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகத் துளை போட்டு மணல் தூவுங்கள். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் சிறு வாய்க்கால் வெட்டி விடுங்கள். நிழல் தரும் கிளைகளைக் கழியுங்கள். மண் புளிப்பாக இருந்தால் கொஞ்சம் தோட்டச் சுண்ணாம்பு போடலாம். புல்லை ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலமாவது விடுங்கள். அப்படியும் புல் வராத நிழல் மூலையில் பாசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். நடக்கும் பாதையில் மட்டும் தேய்த்துக் கழுவிவிடுங்கள், வீட்டில் பெரியவர்கள் வழுக்கி விழுந்துவிடுவார்கள்.