பாதரசமும் கொடைக்கானல் மண்ணும் – ஒரு வரலாற்றுப் பார்வை



நாற்பது வயதைக் கடந்த நம்மில் பலர், காய்ச்சல் கண்டபொழுது நாவின் அடியில் வைக்கப்பட்ட கண்ணாடி வெப்பமானியை மறந்திருக்க மாட்டோம். அதனுள் மின்னிய வெள்ளிக் கோடுதான் பாதரசம். 1980களிலும் 1990களிலும் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளுக்குச் சென்ற இத்தகைய வெப்பமானிகளில் இலட்சக்கணக்கானவை, தமிழ்நாட்டின் கொடைக்கானலில், தமிழ்த் தொழிலாளர்களின் கைகளால் செய்யப்பட்டவை. அவ்வாலையின் கதையை நம் பிள்ளைகளின் பாடநூல்கள் கூறுவதில்லை. தொழிற்பேட்டைகளும் துறைமுகமும் சூழ்ந்த கெலாங் பாத்தாவில் வாழும் நமக்கு, அரசர்களின் போர் வரலாற்றைப் போலவே இவ்வரலாறும் தேவையானது என்பது என் கருத்து. ஆகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பாதரசம் என்னும் உலோகம்

பாதரசம் தமிழருக்குப் புதியதன்று. சித்த மருத்துவ நூல்களில் அது இரசம், சூதம் எனப் பல பெயர்களால் குறிக்கப்படுகிறது. அது கிடைக்கும் சிவப்புக் கனிமத்தை இலிங்கம் என்றனர். பாதரசத்தைத் தூய்மை செய்யாமல் பயன்படுத்தலாகாது என்னும் எச்சரிக்கையும் அம்மருத்துவ மரபில் உண்டு.

சாதாரண அறை வெப்பநிலையில் நீர்மமாக இருக்கும் ஒரே உலோகம் இதுவே. நீரைவிட ஏறத்தாழ 13.6 மடங்கு அடர்த்தி உடையது. இதனைச் சூடாக்க வேண்டிய தேவையே இல்லை. அறையில் திறந்து வைத்தாலே மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமும் இல்லை. மூச்சின் வழியே உட்சென்றால் நரம்புகளையும் சிறுநீரகங்களையும் தாக்கும். கை நடுக்கம், ஈறு நோய், நினைவுக் குறைவு ஆகியன அதன் அடையாளங்கள். கருவில் வளரும் குழந்தைக்கும் இளஞ்சிறார்க்கும் கேடு மிகுதி.

நீர்நிலையின் அடியிலுள்ள சேற்றில் சேரும் பாதரசத்தை அங்கு வாழும் நுண்ணுயிர்கள் மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. அதனைச் சிற்றுயிர்கள் உட்கொள்ள, அவற்றைச் சிறு மீன்கள் உண்ண, சிறு மீன்களைப் பெரிய மீன்கள் உண்ண, ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிவடைகிறது. ஜப்பானின் மினமாத்தா ஊரில் நிகழ்ந்ததும் இவ்வாறு மெதில் பாதரசம் மீன்களில் செறிவடைந்ததே. சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலைக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மக்களைத் தாக்கியது. 1956ஆம் ஆண்டு அந்நோய் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஆயினும் அவ்வாலை 1968 வரை அக்கழிவை வெளியேற்றிக்கொண்டே இருந்தது.

மலைக்கு வந்த ஆலை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்னும் நகரில் செஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை இயங்கி வந்தது. அது அங்கு மூடப்பட்டு, 1983ஆம் ஆண்டு கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பாதரசம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது; வெப்பமானியாக மாறி மீண்டும் வெளிநாடு சென்றது. இடையில் சிந்தியதும் உடைந்ததும் மட்டுமே மலையில் தங்கின. 1987இல் அந்நிறுவனம் உலகளவில் யூனிலீவர் குழுமத்தின் வசமானபொழுது, இவ்வாலையும் அதன் இந்தியக் கிளையான இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. ஆலை அமைந்த மேட்டின் கீழே பாம்பார் சோலை என்னும் அடர்காடு. அங்கிருந்து வழியும் நீர் கும்பக்கரை அருவியாக இறங்கி, பின்னர் வைகையைச் சேர்கிறது. வைகையோ மதுரைக்குச் செல்லும் ஆறு. அங்கு மண்ணில் விழும் ஒரு துளி எங்கெங்கு செல்லக்கூடும் என்பதற்கு இவ்வழியே சான்று.

2001ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், ஊர் மக்களும் முன்னாள் தொழிலாளர்களும் கிரீன்பீஸ் உள்ளிட்ட சுற்றுச்சூழல் அமைப்பினரும் மூஞ்சிக்கல் பகுதியிலிருந்த பழைய பொருள் கடை ஒன்றின் முன் திரண்டனர். அங்கே பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி, ஏறத்தாழ 7.4 டன் அளவில், குடியிருப்புகளுக்கு நடுவே கிடந்தது. தன் விதிமுறைகளை மீறி அக்கண்ணாடி விற்கப்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. அம்மாதமே ஆலையில் உற்பத்தி நின்றது. 2003ஆம் ஆண்டு சுமார் 290 டன் பாதரசக் கழிவு மறுசுழற்சிக்காக அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. வளர்ந்த நாட்டின் கழிவு ஏழை நாட்டுக்கு வருவதே உலக வழக்கம். இங்கோ கழிவு வந்த வழியே திரும்பிச் சென்றது.

தொழிலாளர்களின் குரல்

கழிவு கப்பலேறிய பின்னரும் தொழிலாளர்களின் துயர் தீரவில்லை. பாதரசம் எத்தகைய நஞ்சு என்று தங்களுக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை என்றும், ஆவி கலந்த காற்றில் போதிய பாதுகாப்பின்றிப் பணி செய்தோம் என்றும் அவர்கள் கூறினர். பணியின்போது உடுத்திய ஆடையோடு வீடு திரும்பியதாகவும் கூறினர். தொழிலாளர் நலத்துக்குக் குறைவு நேரவில்லை என்பது நிறுவனத்தின் வாதமாக இருந்தது. 2006இல் தொழிலாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். நோய்க்கும் ஆலைக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பிப்பது நீண்ட போராட்டமாயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 2016 மார்ச் மாதத்தில், 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் அவர்தம் குடும்பத்தாருடனும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டில் சென்னைக் கலைஞர் சோஃபியா அஷ்ரஃப் பாடிய காணொளி உலகெங்கும் பரவி, மறந்துபோன இவ்வழக்கை இளையோரிடம் கொண்டு சேர்த்தது.

மனிதருக்கு உடன்பாடு கிட்டியது. மண்ணுக்கு? ஆலை நிலத்தைத் தூய்மை செய்ய, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்னும் அளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. காட்டுக்கு மேலே உள்ள நிலத்துக்கு இது போதாது, அளவு இன்னும் கடுமையாக இருத்தல் வேண்டும் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் வாதிட்டனர். பதினெட்டு ஆண்டுகள் இயங்கிய ஓர் ஆலை, அதனினும் நீண்ட காலத்துக்கு விவாதத்தை விட்டுச் சென்றது.

அழியாத பொருள்

இதன் காரணம் எளிது. இலை மக்கும், காகிதம் மக்கும், எண்ணெயைக்கூட நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைக்கும். பாதரசம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களோ தனிமங்கள். அவற்றைச் சிதைத்து வேறொன்றாக்க நுண்ணுயிராலும் இயலாது, நெருப்பாலும் இயலாது. மண்ணைக் கழுவலாம், சூடாக்கி ஆவியைப் பிடித்துச் சேகரிக்கலாம். இவை இடத்தை மாற்றுமேயன்றிப் பொருளை அழிக்கா.

அண்மைக் காலமாக நானோ துகள்களைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய இரும்புத் துகள்களை மாசடைந்த மண்ணிலும் நிலத்தடி நீரிலும் செலுத்தினால், அவை சில கன உலோகங்களைப் பற்றிக்கொண்டு நகராமல் தடுக்கும். நச்சு மிகுந்த குரோமிய வடிவத்தை நச்சுக் குறைந்த வடிவமாக மாற்றவும் வல்லவை. இது வரவேற்கத்தக்க முயற்சியே. எனினும் கட்டுண்ட உலோகம் அங்கேதான் இருக்கும். செலுத்திய துகள்கள் மண்ணுயிர்களை என்ன செய்யும் என்பதும் ஆய்வில் உள்ளது. ஆகவே, எங்கே எது புதைந்துள்ளது என்னும் நினைவு மக்களிடம் தொடர்ந்து இருத்தல் வேண்டும். அந்நினைவைக் காப்பதே வரலாற்றின் பணி.

நம் வாசலில்

ஜொகூர் நீரிணையின் மேற்குப் புறத்தில் நாம் வாழ்கிறோம். நமக்கு அருகிலுள்ள சுங்கை பூலாய் அலையாத்திக் காடு 2003ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதே கழிமுகத்தில்தான் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகமும் உள்ளது. அலையாத்திச் சேறு கன உலோகங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. நம் தீபகற்பக் கடலோரத்தில் காட்மியம், ஈயம், செம்பு ஆகியவற்றின் அளவை அறிய, புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குப்பாங் எனப்படும் பச்சைச் சிப்பியையே அளவுகோலாகக் கொண்டுள்ளனர். நாம் உண்ணும் சிப்பி நீரின் வரலாற்றைத் தன் உடலில் எழுதி வைத்துக்கொள்கிறது!

நீரிணையின் கிழக்குப் புறத்தில் 2019ஆம் ஆண்டு நடந்ததை ஆசிரியர்கள் மறக்க இயலாது. கொடைக்கானல் கண்டுபிடிப்பு நிகழ்ந்து சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அதே மார்ச் 7ஆம் நாள், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டதன் விளைவு வெளிப்பட்டது. முதலில் பாதிக்கப்பட்டவர்களுள் அருகிலிருந்த பள்ளி மாணவர்களும் இருந்தனர். மார்ச் 13ஆம் நாள் பாசிர் கூடாங்கின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஏறத்தாழ 6,000 பேர் பாதிப்புற்றனர்.

அங்கு கண்டறியப்பட்டவை பென்சீன், தொலுயீன் போன்ற ஆவியாகும் இரசாயனங்கள். கன உலோகங்கள் அல்ல. அவற்றுக்கு நெடி உண்டு. அந்நெடிதான் நம்மை எச்சரித்தது; பள்ளிகளை மூடச் செய்தது. மணமற்ற பாதரசமோ ஈயமோ கொட்டப்பட்டிருந்தால் மூக்கு எச்சரிக்காது. அங்கே அறிவு ஒன்றே எச்சரிக்கும். கொடைக்கானல் தொழிலாளர்களுக்குக் கிட்டாதது அவ்வறிவுதான்.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்யத்தக்கவை

ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதனைக் கூறியபொழுது, “ஐயா, அந்தப் பாதரசம் இப்பொழுது எங்கே இருக்கிறது?” என்று ஒரு மாணவி வினவினாள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் கற்ற எந்தப் பாடத்திட்டத்தையும்விட அவ்வினா அன்றைய பாடத்தை நன்கு நடத்தியது. அவ்வினாவைப் பிள்ளைகளிடம் வளர்ப்பதே நம் கடமை. அதனோடு பின்வருவனவற்றையும் கருத்திற் கொள்வோம்.

1. பழைய பாதரச வெப்பமானி வீட்டிலோ பள்ளியிலோ இருந்தால், அதனைக் குப்பையில் எறியாதீர். மினமாத்தா உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் 2020ஆம் ஆண்டோடு அவற்றின் உற்பத்தியை நிறுத்த இசைந்தன. மின்னியல் வெப்பமானியே போதுமானது.

2. வெப்பமானி உடைந்தால், பிள்ளைகளை உடனே வெளியேற்றிச் சன்னல்களைத் திறந்து விடுங்கள். துடைப்பத்தாலோ தூசி உறிஞ்சியாலோ கூட்டாதீர். துளிகள் மேலும் சிதறும். தடித்த அட்டையால் துளிகளை ஒன்று சேர்த்து, இறுக மூடும் புட்டியில் இட்டு வையுங்கள். கழிவுநீர்க் குழாயில் ஊற்றவே கூடாது.

3. குழல் விளக்குகளிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. அவற்றையும் பழைய மின்கலங்களையும் உடைக்கவோ எரிக்கவோ வேண்டா. மின்கழிவு சேகரிப்பு மையங்களில் ஒப்படைப்போம்.

4. ஆலைகளில் பணிபுரியும் பெற்றோர்களே, தாங்கள் கையாளும் பொருளின் பெயரையும் அதன் தீங்கையும் கேட்டறியுங்கள். கேட்பது தங்கள் உரிமை. வேலை உடையை வீட்டாரின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்.

அறியாத பொருளைக் கையாண்ட தமிழ்த் தொழிலாளர்களின் வரலாறு கொடைக்கானலோடு முடியட்டும். நம் பிள்ளைகள் பொருளின் பெயரறிந்து, அதன் இயல்பறிந்து, வினவத் தெரிந்தவர்களாய் வளரட்டும்.