குதிரைத் தீனியும் கோழித் தீனியும்

பாண்டிய நாட்டில் குதிரைக்கு என்ன தீனி போட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சோற்றோடு இறைச்சியும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். வறுத்த பார்லியும் வெண்ணெயில் புரட்டிய தானியமும் காய்ச்சிய பாலும் கொடுத்துக் குதிரையைக் கெடுக்கிறார்கள் என்று குறைப்பட்டார் பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப். கடல் கடந்து வந்த விலங்கு, அரசன் போட்ட பணம். அதனால் அதன் தீனிக்கும் வரலாற்றில் இடம் கிடைத்தது.

குதிரை வாங்கப் போன அமைச்சர் மாணிக்கவாசகரின் ஊர் திருவாதவூர். அந்த ஊர் முற்றங்களில் காலங்காலமாக மேய்ந்த கோழிக்கு என்ன போட்டார்கள், எந்தக் கை போட்டது என்று தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது. (நரி பரியானது ஊருக்குப் பெருமை. கோழி வளர்ப்பவளுக்கு நரி என்றைக்கும் நரிதான்.)

இலக்கியத்தில் கோழி இல்லாமலில்லை. பட்டினப்பாலையில், காயவைத்த தானியத்தைக் கொத்த வரும் கோழியைப் பெண்கள் பொற்குழையை எறிந்து விரட்டுகிறார்கள். புகாரின் செல்வச் செழிப்புக்குச் சான்று என்றே வகுப்பில் அதை நடத்துகிறோம். தானியத்தை உலர்த்திக் காவல் இருந்தது யாருடைய வேலை என்று ஒரு கேள்வித்தாளிலும் நான் பார்த்ததில்லை. ஒக்கூர் மாசாத்தியார் பார்த்த கோழி வேறு. குறுந்தொகை 139-இல், அந்தியில் வேலியோரம் வெருகு வர, ஒதுங்க இடம் தெரியாத பெட்டை தன் குஞ்சுகளைக் கூவிக் கூட்டுகிறது. ஊர்ப் பழிச்சொல்லின் துன்ப ஒலிக்கு அந்தக் கூவல் உவமை. இருட்டும் நேரத்தில் குஞ்சுகளை எண்ணிப் பஞ்சாரத்தில் கவிழ்த்துப் பழகிய ஒருத்தியின் காது அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் தீனியைப் பற்றி அவரும் சொல்லவில்லை. அதை நான் கற்றது என் அப்பத்தாவிடம். பெரியாறு அணை 1895-இல் திறந்தபின் கால்வாய்ப் பாசனம் பெற்ற மேலூர்ச் சீமையில் நெல்லுக்குப் பஞ்சமில்லை; நெல் குத்தினால் குருணையும் தவிடும் வீட்டிலேயே மிஞ்சும். அப்பத்தா தவிட்டை உள்ளங்கையில் தேய்த்து மூக்கருகே கொண்டுபோவார். புதுத் தவிடு லேசாக இனித்து மணக்கும். சிக்கு வாடை வந்தால் கோழிக்குக் கிடையாது, குப்பைக்குத்தான். அரிசியிலிருந்து பிரிந்ததுமே தவிட்டிலுள்ள எண்ணெய் நொதியால் கெடத் தொடங்கிவிடும் என்ற அறிவியலைப் பிற்பாடுதான் படித்தேன். தண்ணீர் தெளித்துப் பிசைந்தால் பிடிக்குப் பிடி உதிர வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. வெயில் ஏறுமுன் தின்று தீரும் அளவுதான் வைப்பார். மிச்சம் புளித்துப்போகுமுன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

பொரித்த குஞ்சுக்குத் தவிடு போதாது, புரதம் வேண்டும். அதற்குக் கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கும் வைக்கோலும் காய்ந்த சாணமும் திணித்து, நீர் தெளித்து, சாயங்காலம் கரையான் மண் பார்த்துக் கவிழ்த்துவைத்தால் விடியும்போது பானை நிறைய வெள்ளையாக நெளியும். தட்டிக் கொட்டியதும் குஞ்சுகள் பாய்ந்து வரும். பச்சைக்கு முருங்கைக் கீரை. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை மட்டும் தொடவே விடமாட்டார். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து, நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்ததைக் கண்டுபிடித்த பிறகுதான் ஆய்வுக்கூடங்கள் அஃப்ளாடாக்சினுக்குப் பெயர் வைத்தன.

முட்டை விற்ற காசு அப்பத்தாவின் சிறுவாடு. தாத்தா அதைக் கேட்க முடியாது, கேட்டாலும் கிடைக்காது. நிலம் ஆணின் பெயரில், மாடு ஆணின் பேரத்தில் இருந்த வீட்டில், அவர் யாரையும் கேட்காமல் விற்கக்கூடியது கோழி ஒன்றுதான். கோழி வாங்க வழியில்லாதவள் இன்னொருத்தியின் பெட்டையை வாரத்துக்கு வாங்கி, பொரித்த குஞ்சில் பங்கு கொடுப்பாள். நிலமில்லாத பெண்களுக்குத் தவிடும் சொந்தமில்லை. அடுத்தவர் களத்தைக் கூட்டி, மண்ணோடு வரும் நெல்லையும் பதரையும் புடைத்து எடுத்ததுதான் அவர்கள் கோழிக்குத் தீனி. எந்த வீட்டுக் களத்தை யார் கூட்டலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. முற்றத்துக் கோழியை ஏழைப் பெண்ணின் வங்கி என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பிறகு அரவை மில் வந்தது. கைக்குத்தலைக் காப்பதையும் நோக்கமாகக் கொண்டு 1958-இல் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டார்கள், மில்கள் நிற்கவில்லை. 1997-இல் சட்டமே நீக்கப்பட்டது. குத்திய பெண்களின் கூலி போனதைப் பொருளாதார நூல்கள் பேசுகின்றன. கூடவே தவிடும் போனது. அது மில்லிலேயே மூட்டையாகி மாட்டுத் தீவனத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் விலை போயிற்று. உலக்கை வலி ஒழிந்ததில் எனக்கு வருத்தமேயில்லை. ஆனால் வேலையோடு அதன் துணைப்பொருளும் பெண் கையை விட்டுப் போனதை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

இன்று அரசுத் திட்டங்கள் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் நாட்டுக்கோழிக் குஞ்சு தருகின்றன. குஞ்சு வந்துவிடுகிறது. தீனி கடையிலிருந்து வர வேண்டும். மக்காச்சோளமும் சோயாவும் அரைத்த மூட்டை, ரொக்கம் கொடுத்து. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துக் கொட்டிவிடுவதால் கூட்டி எடுக்கக் களமும் இல்லை. சென்ற ஆண்டு மாணவிகளிடம் அவரவர் வீட்டுப் பெண்கள் கோழிக்கு என்ன போடுகிறார்கள் என்று எழுதிவரச் சொன்னேன். ரேஷன் அரிசி என்றே அதிகம் பேர் எழுதினார்கள். கரையான் பானையை எழுதியவள் ஒருத்தி. அவளும் பானை கவிழ்க்க இடமில்லை, வீட்டைச் சுற்றி சிமெண்ட் போட்டாயிற்று என்று கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்.